மாலைப் பிரிவு

சட்டக் கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும் ஜன்னல்கள் இரண்டு இருந்தன. ஒன்றின்மேல் 'முழுநேரம்' என்றும் இன்னொன்றின்மேல் 'பகுதிநேரம்' என்றும் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். முழுநேர வரிசை வராந்தாவைத் தாண்டி சைக்கிள் கொட்டகை வரைக்கும் போயிருந்தது. பெரும்பாலும் பையன்கள். சிலருக்காக அப்பாக்கள் நின்றார்கள். பகுதிநேர ஜன்னலில் ஏழெட்டுப் பேர்தான். காக்கிச் சட்டையில் ஒரு தபால்காரர், டிபன் பையோடு ஒரு பேங்க் குமாஸ்தா, அவர்களுக்குப் பின்னால் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டு சிலர். சாமுண்டீஸ்வரி எந்த வரிசையிலும் சேராமல் நடுவில் நின்றாள்.

1987 ஜூன் மாதம். அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டில் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் அவளுக்கு ஏழு வருஷ வேலை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தலைக்குக் குளித்துச் சேலை மாற்றியும் வார்னிஷ் வாசனை கையை விட்டுப் போகவில்லை. செம்புக் கம்பி அறுத்த கோடுகள் இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் கறுப்பாக இருந்தன. அந்த விரல்களுக்கு நடுவே, தபாலில் படித்து வாங்கிய பி.ஏ. சான்றிதழின் நகல்.

கடைசியில் பகுதிநேர ஜன்னலுக்குப் போனாள். உள்ளே இருந்தவர் ஜானகிராமன். ஐம்பது வயதிருக்கும். அட்மிஷன் பிரிவு குமாஸ்தா.

"ரெண்டுக்கும் இன்னா சார் வித்தியாசம்?"

"முழுநேரம்னா காலையில பத்துலேருந்து நாலு. மூணு வருஷம். வேலையில இருக்கறவங்க சேர முடியாது. பகுதிநேரம் சாயங்காலம் ஆறுலேருந்து எட்டரை. நாலு வருஷம். வேலைக்குப் போயிக்கிட்டே படிக்கலாம்."

"பாடம்?"

"அதே பாடம்தாம்மா. அதே வாத்தியாருங்க. பரீட்சையும் ஒரே ஹால்ல, ஒரே கேள்வித்தாள்."

"படிச்சு முடிச்சா வக்கீலாகலாம் இல்லீங்களா சார்? கோர்ட்ல நின்னு பேசலாம் இல்ல?"

ஜானகிராமன் நிமிர்ந்து பார்த்தார். "போன வருஷம் முடிச்சவங்க பேசிக்கிட்டுத்தானே இருக்காங்க. ரெண்டு சர்ட்டிபிகேட்டும் ஒண்ணுதாம்மா" என்று விண்ணப்பத்தை நீட்டினார்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் அவள் அதை இரண்டு தரம் படித்தாள்.

அத்திப்பட்டில் அவர்களுடையது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே அறை. சாமுண்டீஸ்வரியின் அப்பா அயனம்பாக்கத்து நிலங்களில் கூலிக்குப் போனவர். எஸ்டேட் வந்தபிறகு வளர்ந்த பெண் அவள். கணவன் கலியமூர்த்தி பூந்தமல்லியில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். மகள் வரலட்சுமிக்கு அப்போது ஐந்து வயது.

"படிக்கறதுன்னா பகல்ல போயி ஒழுங்கா படி" என்றான் கலியமூர்த்தி. விண்ணப்பத்தைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்து பார்த்தான். "வேலைய உட்டுடு. நான் கீறேன் இல்ல?"

"மழ வந்தா உன் பட்டறைல ரெண்டு மாசம் வேல கெடையாது மாமா. அப்ப இன்னா பண்றது?"

"அத்த நான் பாத்துக்கறேன்."

"போன வருசம் எப்டி பாத்தேன்னு நானும் பாத்தேன்."

அவன் சிரித்துவிட்டான். பிறகு முகம் மாறியது. "நாலு வருசம் சாமுண்டி. நீ ஊட்டுக்கு வர்றதுக்கு மணி பத்தாயிடும். பாப்பா தூங்கிடுவா. உன் ஒடம்பு தாங்குமா?"

"கம்பெனி வேல கைல இருந்தாதான் எனக்குத் தைரியம். மாலப் பிரிவே போதும். எல்லாம் ஒண்ணுதான்னு அந்த சார் சொன்னாரு."

வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாயம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீடு. வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் அவளுக்கு இருந்தன. கீரைத் தண்டை அந்த இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு இடது கையால் கிள்ளினாள்.

"பாப்பாவ நான் பாத்துக்கறேன். எனக்கு இன்னா வேல கீது" என்றாள்.

அவளும் அதே கம்பெனியில் பிரஸ் மிஷினில் ஒன்பது வருஷம் நின்றவள். இரண்டு வருஷம் முன்னால், உற்பத்தி கூட வேண்டும் என்று தடுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னார்கள். மூன்றாம் நாள் மூன்று விரல்கள் போயின. எண்ணெய் துடைக்கும் கழிவுத் துணியில் கையைச் சுற்றி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பியவள் சாமுண்டீஸ்வரி. கட்டுப் பிரித்து வேலைக்கு வந்தபோது கேட்டில் அவளை விடவில்லை. அவள் கம்பெனி ஆள் இல்லை, காண்டிராக்டர் அனுப்பிய ஆள் என்றார்கள். அந்தக் காண்டிராக்டரின் முகத்தைத் தாயம்மா அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவள் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

தொழிலாளர் கோர்ட்டில் கேஸ் போட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு வைத்த வக்கீல் நாலு வாய்தாவுக்கு ஒரு வாய்தா வந்தார். வந்த அன்றும் தேதி வாங்கிக்கொண்டு போனார். அப்படி ஒருநாள் கோர்ட் வராந்தாவில் காலையிலிருந்து மூன்று மணி வரை தாயம்மாவோடு நின்றபோதுதான் சாமுண்டீஸ்வரிக்கு அந்த எண்ணம் வந்தது. உள்ளே பேசியவர்கள் பேசியதில் பாதி அவளுக்குப் புரிந்தது. மீதியையும் புரிந்துகொள்ள முடியும் என்று தோன்றியது.

கம்பெனி நாலரைக்கு விடும். பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனால் ஐந்து மணிக்குள் ரயில். சென்ட்ரலில் இறங்கி, பெரியமேட்டில் தோல் மண்டிகளின் வாசனைக்கு நடுவே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்தால் கல்லூரியின் பின்பக்கக் கேட். மாலைப் பிரிவுக்கு அந்தக் கேட்தான். முன்பக்கக் கட்டடத்தின் இரும்பு மடிப்புக் கதவை ஐந்து மணிக்கே இழுத்துப் பூட்டிவிடுவார்கள். அலுவலகம், நூலகம், விளம்பரப் பலகை எல்லாம் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தன. மாலை மாணவர்கள் பேங்க்கில் சலான் கட்டி, பின்கேட் பக்கத்துத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

வகுப்பில் நாற்பத்தேழு பேர். பெண்கள் மூன்று பேர். ஒருத்தி டெலிபோன் ஆபரேட்டர், ஒருத்தி ரேஷன் ஆபீசில் டைப்பிஸ்ட். பகலெல்லாம் வகுப்பில் கத்திவிட்டு வந்த பேராசிரியர்கள் உட்கார்ந்தபடியே பாடம் சொன்னார்கள். ஏழரை மணிக்குமேல் பாதிப் பேரின் தலை ஆடும். சாமுண்டீஸ்வரி தூக்கம் வரும்போதெல்லாம் எழுந்து சுவரோரம் நின்றபடி குறிப்பெடுத்தாள். அவள் நோட்டின் ஓரங்களில் வார்னிஷ் பட்டு, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வீட்டுக்கு வந்ததும் கத்தியால் பிரிப்பாள்.

தாயம்மா சோறு ஆக்கி வைத்திருப்பாள். வரலட்சுமிக்குத் தலை வாரி, சாப்பாடு கொடுத்துத் தூங்க வைத்திருப்பாள். இரண்டு விரலால் அவள் போடும் பின்னல் கொஞ்சம் கோணலாக இருக்கும். காலையில் சாமுண்டீஸ்வரி அதைப் பிரிக்காமல் அப்படியே பள்ளிக்கு அனுப்புவாள்.

இரண்டாம் வருஷம் சாட்சியச் சட்டம் படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயம்மாவின் டிரங்குப் பெட்டியை இறக்கிக் கவிழ்த்தாள்.

"இன்னாடி தேடற?"

"கம்பெனில உனக்குத் தந்த எதுனா காயிதம். எதுவா இருந்தாலும் பரவால்ல."

பழைய சேலைக்கு அடியில் கம்பியில் குத்திய சீட்டுக் கட்டு ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு ஷிப்டு முடிவிலும் சூப்பர்வைசர் கொடுக்கும் உற்பத்திச் சீட்டு. மிஷின் நம்பர், எத்தனை தகடு அடித்தது, தேதி, ஆள் பெயர், சூப்பர்வைசர் கையெழுத்து. மேலே கம்பெனி பெயர் அச்சடித்திருந்தது.

"இத்த ஏன் யக்கா வக்கீல்கிட்ட காட்டல?"

"அவரு கேக்கல. அடுப்பெரிக்க ஆவும்னு எட்த்து வெச்சேன்."

சாமுண்டீஸ்வரி தரையில் உட்கார்ந்து சீட்டுகளை வருஷவாரியாக அடுக்கினாள். எட்டு வருஷத்துச் சீட்டுகள் இருந்தன.

அதற்கடுத்த வருஷம் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு சாயங்காலம் பேராசிரியர் படித்துக் காட்டிய ஒரு பிரிவைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சங்கத்தில் இல்லாத தொழிலாளிக்காக, அதே தொழிலில் வேலையில் இருக்கும் இன்னொரு தொழிலாளி கோர்ட்டில் நின்று பேசலாம். அதற்கு வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. வழக்குப் போட்டவர் எழுதிக் கொடுத்தால் போதும்.

"யக்கா, இப்பவே நான் உனக்காக பேசலாம். சட்டத்துல கீது" என்றாள் மறுநாள்.

தாயம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "நீ பேசுனா கம்பெனில உன்ன வெச்சுக்குவானா?"

"அத்த அப்பறம் பாக்கலாம்."

"ஒண்ணும் வேணாம். என்னால ஒரு வேல போனது போதும். உன் புருசன் பட்டறை மழக்கி மூடிக் கெடக்குது. ரெண்டு வருசம்தான் பாக்கி. நீ கருப்புக் கோட்டு போட்டுகினு வா. அப்ப பேசு. நான் எங்க போயிடப் போறேன்."

சாமுண்டீஸ்வரிக்கும் அது சரி என்றுதான் பட்டது.

1991 மே மாதம் கடைசிப் பரீட்சை. பகல் மாணவர்களும் மாலை மாணவர்களும் ஒரே ஹாலில் மாறி மாறி உட்கார்ந்து எழுதினார்கள். ஜூலையில் முடிவு வந்தது. மாலைப் பிரிவில் முதல் வகுப்பு வாங்கிய மூன்று பேரில் அவள் ஒருத்தி. கலியமூர்த்தி பட்டறையில் எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தான். தாயம்மா பழைய வக்கீலிடம் போய், ஒரு முழுநாள் அவர் வாசலில் உட்கார்ந்து, தன் கேஸ் கட்டைத் திரும்ப வாங்கி வந்தாள். எங்க ஊட்டுப் பொண்ணே வக்கீலாயிடுச்சு என்று அவரிடம் சொன்னாளாம். அவர் வக்காலத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்.

வக்கீலாகப் பதிவு செய்ய ஒரு படிவம் இருந்தது. அதில், நான் எந்த வேலையிலும் இல்லை என்று உறுதிமொழி எழுதி, வேலையில் இருந்தவர்கள் அதை விட்டதற்கான கடிதத்தையும் இணைக்க வேண்டும் என்று இருந்தது. படிவத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தாள்.

"ஒரு தபா எழுதிக் குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது மாமா."

"நாலு வருசமா இதுக்குத்தான ஓடுன?" என்றான் கலியமூர்த்தி. "குட்த்துட்டு வா."

மேனேஜர் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதினோரு வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. டீ வரவழைத்தார். சட்டம் படித்திருப்பது கேள்விப்பட்டதாகவும், ரொம்பச் சந்தோஷம் என்றும் சொன்னார். அன்று சாயங்காலமே விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்தது. காயில் பிரிவில் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் மிஷினில் பாதி சுற்றிய காயில் அப்படியே இருந்தது. பழக்கத்தில் அதைச் சுற்றி முடித்து, நூல் கட்டி, தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பதிவு அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் பதினைந்து பேர் இருந்தார்கள். மதியம் பன்னிரண்டரைக்கு அவள் முறை வந்தது. மேஜையில் இருந்த அதிகாரி தாள்களைப் புரட்டினார். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத் தலையசைத்தார். வருகைச் சான்றிதழில் நின்றார்.

"மாலைப் பிரிவா?"

"ஆமா சார்."

"எந்த வருஷம் சேர்ந்தீங்க?"

"எண்பத்தேழு சார்."

அவர் பின்னால் திரும்பி, அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, ஒரு தாளைப் பிரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய சுற்றறிக்கை. முழுநேர வகுப்பில் படித்தவர்களை மட்டுமே இனி பதிவு செய்வது என்றும், ஏற்கனவே முடித்தவர்களைத் தவிர பகுதிநேரப் பிரிவில் உள்ள எவருக்கும் இது பொருந்தும் என்றும், கல்லூரிகள் இதை மாணவர்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் இருந்தது. படிப்பைத் தொடர விரும்பாதவர்களும் முழுநேரத்துக்கு மாற விரும்புகிறவர்களும் அந்தக் கல்வியாண்டுக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

சாமுண்டீஸ்வரி அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். மறுபடி தேதியைப் பார்த்தாள்.

"எங்களுக்கு யாருமே சொல்லல சார்."

"காலேஜ்ல சொல்லியிருக்கணும்."

"அப்ப நான் வாங்கின பட்டம்?"

"பட்டம் பட்டம்தாம்மா. பேருக்குப் பின்னால போட்டுக்கலாம். கோர்ட்ல ஆஜராக முடியாது."

"நான் வேலைய எழுதிக் குட்த்துட்டு வந்துருக்கேன் சார்."

அவர் விடுவிப்புக் கடிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நீங்க முன்னாடியே வந்து விசாரிச்சிருக்கலாமேம்மா" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. "அலுவலக நேரம் பத்திலேருந்து அஞ்சு வரைக்கும் இங்கே ஆள் இருக்கோமே" என்று சொல்லிவிட்டு, தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

அங்கிருந்து நேராகக் கல்லூரிக்குப் போனாள். பகலில் முன்வாசல் வழியாக நாலு வருஷம் கழித்து உள்ளே நுழைந்தாள். மடிப்புக் கதவு திறந்து கிடந்தது. கதவைத் தாண்டியதும் இடது பக்கம் விளம்பரப் பலகை. கிரிக்கெட் குழுத் தேர்வு, விடுதிக் கட்டணம், கண் தான முகாம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தியிருந்த தாள்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். கிட்டத்தட்ட அடியில் அது இருந்தது. குண்டூசி துருப்பிடித்துத் தாளில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. 'மாலைப் பிரிவு மாணவர்களின் கவனத்திற்கு' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இட்டிருந்தார்கள்.

ஜானகிராமன் ஜன்னலுக்குள் அதே இடத்தில் இருந்தார். முடி இன்னும் நரைத்திருந்தது. அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் சொல்லச் சொல்ல அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நான்தாம்மா ஒட்டினேன். வந்த அன்னைக்கே ஒட்டினேன்."

"அஞ்சு மணிக்குக் கதவப் பூட்டிடுவீங்களே சார். நாங்க பின்பக்கமா வருவோம். இந்தப் பக்கம் நாங்க வந்ததே இல்லியே."

அவர் வராந்தாவையும் கதவையும் பார்த்தார். அந்தக் கதவை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வகுப்புல படிக்கச் சொல்லி மேல எழுதி அனுப்பினேன். என்ன ஆச்சோ தெரியலம்மா. நீங்க வர்ற நேரத்துல நான் வீட்டுக்குப் போயிருப்பேன்."

"அதுக்கப்பறமும் ரெண்டு வருசம் சலான் வாங்கிகினீங்களே சார்."

"அது பேங்க்ல கட்றதும்மா. பெட்டியில இருந்து எடுத்து ஃபைல் பண்றதுதான் என் வேலை."

பிறகு அவர் தாழ்ந்த குரலில், "வேணும்னா முழுநேரத்துல சேரலாம். அப்ளிகேஷன் இன்னும் பத்து நாள் கொடுப்போம்" என்றார்.

"மொதல் வருசத்துலேருந்தா?"

"மொத வருஷத்துலேருந்துதான்."

முழுநேர ஜன்னலில் வரிசை நீண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள்.

அன்று தாயம்மாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. கலியமூர்த்தியிடம் சொன்னாள். பகலில் போய்ப் படி என்று அன்றைக்கே சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவன் பட்ட பாடு அவளுக்குத் தெரிந்தது.

"கம்பெனிக்குப் போயி கேட்டுப் பாரு" என்றான் கடைசியில்.

காலையில் ஏழேமுக்காலுக்கு, வழக்கமாக அவள் போகும் நேரத்துக்கே போனாள். வாட்ச்மேன் அவளுக்குத் தெரிந்தவர். உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார். எட்டு மணிச் சங்கு ஊதியது. உள்ளே மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. பதினொரு மணிக்கு ஆபீஸ் பையன் அல்ல, சூப்பர்வைசரே வெளியே வந்தார். ராஜினாமா ஏற்றாகிவிட்டது, அந்த இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது என்றார். "மேனேஜர் வாழ்த்துச் சொல்லச் சொன்னாரும்மா" என்றும் சொன்னார்.

தாயம்மாவின் வாய்தா ஆகஸ்ட் இருபதாம் தேதி. அதற்கு முந்தின நாள்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தாயம்மா முதலில் நம்பவில்லை.

"நாலு வருசம் போனியே."

"போனேன்."

"பாஸ் பண்ண இல்ல?"

"பண்ணேன் யக்கா."

"அப்பறம் இன்னாடி?"

மாலை, பகல், கதவு என்று சாமுண்டீஸ்வரி சொல்லிப் பார்த்தாள். தாயம்மா தன் இரண்டு விரலால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளிக்கி நீ என்கூட வா. மனு எழுதினது நீதான். ஜட்ஜி மனுசன்தான. கேட்டுப் பாப்போம்" என்றாள்.

புது வக்கீல் வைக்க நேரமில்லை. சாமுண்டீஸ்வரி எட்டுப் பக்கத்துக்கு மனு எழுதியிருந்தாள். சீட்டுகளுக்கு வரிசை எண் போட்டு அட்டவணை செய்திருந்தாள். கேட்க வேண்டிய கேள்விகளைத் தனித் தாளில் எழுதியிருந்தாள். தனக்காகச் சாமுண்டீஸ்வரி பேச அனுமதி வேண்டும் என்று தாயம்மா இடது கையால் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதமும் இருந்தது.

கோர்ட்டில் பதினொன்றேகாலுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்து முன்னால் போனார்கள். நீதிபதி மனுவை வாங்கிப் படித்தார். அவசரப்படாமல் நாலைந்து பக்கம் படித்தார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாங்க ஐயா."

"நல்லா எழுதியிருக்கீங்க. நீங்க அட்வகேட்டா?"

"சட்டம் படிச்சு பாஸ் பண்ணியிருக்கேன் ஐயா. பதிவாகல. அதே கம்பெனியில பதினோரு வருஷம் இந்த அம்மாவோட வேலை பார்த்தேன். அதே தொழிலில் இருக்கற தொழிலாளியா இவங்களுக்காகப் பேச அனுமதி கேக்கறேன்." பிரிவின் எண்ணையும் சொன்னாள். குரல் தடுமாறவில்லை.

நீதிபதி கம்பெனி வக்கீலைப் பார்த்தார். வெள்ளை மீசை வைத்த மனிதர். அவர் எழுந்து, தன் கட்டிலிருந்து ஒரே ஒரு தாளை உருவி நீட்டினார். சாமுண்டீஸ்வரியின் விடுவிப்புக் கடிதத்தின் நகல்.

"படித்தவர், மறுக்கவில்லை. ஆனால் இவர் வழக்கறிஞர் இல்லை. இந்த மாதம் முதல் தேதியிலிருந்து தொழிலாளியும் இல்லை. எந்தத் தகுதியில் இங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை, கனம் நீதிபதி அவர்களே" என்றார்.

நீதிபதி அந்தத் தாளைப் படித்தார். பிறகு மனுவையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சட்டப் புத்தகத்தை எடுத்து அந்தப் பிரிவைத் திறந்து, விரலை வைத்து வாசித்தார். சாமுண்டீஸ்வரி அவர் விரல் நிற்கும் இடத்தைப் பார்த்தாள். 'வேலையில் இருக்கும்' என்கிற சொல் அங்கேதான் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"நீங்க கொஞ்சம் பின்னால போங்கம்மா" என்றார் நீதிபதி. தாயம்மாவைப் பார்த்து, "நீங்களே பேசறீங்களா?" என்று கேட்டார்.

தாயம்மா திரும்பிச் சாமுண்டீஸ்வரியைப் பார்த்தாள். "அதுக்குத்தான் எல்லாம் தெரியும் ஐயா."

"அவங்க பேச முடியாதும்மா. ஒரு வக்கீல் வெச்சுக்கிட்டு வாங்க. டைம் தர்றேன்."

கோர்ட் சேவகரான டவாலி வந்து சாமுண்டீஸ்வரியின் முன்னால் கையைக் குறுக்கே நீட்டினார். அவள் இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். மரத்தடுப்புக்கு வெளியே, பார்வையாளர் பெஞ்சின் ஓரம்.

நீதிபதி ஸ்டெனோவின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். இன்ன தேதி, இன்ன எண், மனுதாரர் நேரில் ஆஜர். அதற்கடுத்த வரியை அவர் சொன்னதும் ஸ்டெனோவின் விரல்கள் ஒரு கணம் நின்றன.

"இன்னாடி எழுதறாங்க?" என்று தாயம்மா திரும்பிக் கேட்டாள். டவாலி உதட்டில் விரலை வைத்தார்.

ஸ்டெனோ நிமிர்ந்து, தடுப்புக்கு வெளியே தாள்களை மார்போடு அணைத்து நின்றவளை ஒருமுறை பார்த்தான். பிறகு டைப்ரைட்டரின் உருளையை இழுத்துத் தள்ளி, மனுதாரர் தரப்பில் பேச எவரும் இல்லை என்று அடித்தான்.